அப்பா எழுதிய எட்டுக் கட்டப் பாட்டு

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றுகிற கை இது. பேனா பிடித்தால் செத்த நேரத்தில் வலி எடுக்கிறது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

போன மாதம் மதுரைப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "அப்பா, நீங்க சின்னப் பிள்ளையில அம்புட்டு அழுத்தக்காரராமே! ஒரு ரகசியத்தைக் கடைசி வரைக்கும் காப்பாத்துனீங்களாமே!" என்று சிரித்தீர்கள். நான் காயில் சுற்று எண்ணிக்கை தவறிவிடும் என்று பேசாமல் இருந்தேன். உண்மையில் எண்ணிக்கை அப்போதே தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து சுற்றினேன்.

பாட்டி சொல்கிற கதையில் நான் நல்லவன். என் கதையில் அப்படி இல்லை. பாப்பா அடுத்த வருஷம் காலேஜுக்குப் போகிறவள். போவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் மதுரைப் பாட்டி என்று கூப்பிடுகிறவர் எனக்கு அத்தை. என் அப்பாவின் ஒரே தங்கை. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்தப் பாட்டுப் புத்தகத்தை நீட்டினாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அப்படியே படித்துப் பாடுவார், பார்த்திருக்கிறீர்கள். அவருக்கு இருபது வயதில் ஒரு வரி ஸ்வரம்கூடப் பார்த்துப் படிக்கத் தெரியாது. அது ஒரு கோடை விடுமுறையில் தெரியவந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

சின்னாளபட்டியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே கஞ்சி வாசனையும் சாய வாசனையும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். எங்கள் வீட்டில் மட்டும் தறி கிடையாது. அப்பா அட்டை குத்துகிறவர். சேலை பார்டரில் வருகிற மாங்காய், கோபுரம், ருத்ராட்சம் எல்லாவற்றையும் முதலில் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைவார்கள். தாளின் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. எந்தக் கட்டத்தில் புள்ளி இருக்கிறதோ, அட்டையில் அந்த இடத்தில் அப்பா ஓட்டை போடுவார். அந்த அட்டைகளைக் கோத்துத் தறிமேல் மாட்டினால் தறி அதைப் படித்துப் பூப் போடும். அப்பா படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் கட்டம் போட்ட தாள் என்றால் அவர் கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாது. ஓட்டையிலிருந்து விழுகிற பொட்டுப் பொட்டான அட்டைத் துண்டுகள் அவர் முழங்கை மயிரில் எப்போதும் ஒட்டியிருக்கும். அம்மா அதைப் பார்த்து, "அட்சதை போட்ட மாதிரி வாரீங்க" என்று கேலி செய்வார்.

அத்தை சுங்குடிச் சேலைக்கு, சாயம் ஏறாமல் புள்ளி விழ, நூலால் முடிச்சுப் போடுவார். விரல் பாட்டுக்கு முடிச்சுப் போட, வாய் பாட்டுக்குப் பாடும். கோவில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஒருமுறை ஓடினால் போதும், இடையில் ரெக்கார்டு கீறிக்கொண்ட இடம் உள்பட அப்படியே திருப்பிப் பாடுவார். தெருமுனையில் வருவது எந்த பஸ் என்று ஹாரனை வைத்தே சொல்வார். அப்படி ஒரு காது.

அவர் பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பாட்டு எடுத்த டீச்சர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். மதுரையில் ஒரு காலேஜில் சங்கீதத்துக்கே மூன்று வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. இந்தக் குரலை முடிச்சுப் போட விட்டுவிடாதீர்கள் என்றார்.

"ஆனா ஒண்ணுண்ணே. சும்மா சேத்துக்க மாட்டாங்க. தெரிஞ்ச பாட்டுப் பாடச் சொல்வாங்க, தாளம் போடச் சொல்வாங்க. கடைசியா, முன்னப் பின்னப் பாக்காத ஒரு பக்கத்தைக் குடுத்துப் பார்த்துப் பாடச் சொல்வாங்க. அதுலதான் நெறையப் பேரு விழுந்துருவாங்க."

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார். வத்தலக்குண்டு பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அப்போது பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"ஒரு தடவை போகட்டும் டீச்சர்," என்றார் அப்பா. "சீட்டுக் கெடச்சா படிக்கட்டும். கெடைக்கலேன்னா வத்தலக்குண்டுக்குச் சரின்னு சொல்லிருவேன். அவளுக்கும் வயசு ஏறுதுல்ல."

அப்படித்தான் அந்தக் கோடை ஆரம்பித்தது. ஒரே ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தை திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் போவார். வயசுப்பெண் தனியாகப் போகக்கூடாது என்று துணைக்கு என்னை அனுப்புவார்கள். பத்து வயதுப் பையன் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவான் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் தூங்கி விழுகிற என்னை அத்தைதான் பிடித்துக்கொண்டு வருவார்.

டீச்சர் வீடு மலைக்கோட்டைக்குப் பின்பக்கம். மத்தியானத்தில் பாறைச் சூடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். டீச்சரிடம் ஒரு ஆர்மோனியம் உண்டு. அதில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்பாது. அதைத் தூக்கிவிட டீச்சர் காதோரத்தில் ஒரு ஹேர்பின் வைத்திருப்பார். ச ரி க ம என்று எழுத்துகளாக நிரம்பிய புத்தகத்தை அத்தை மடியில் வைத்துக்கொள்வார். எழுத்துக்கு மேலே புள்ளி இருந்தால் மேல் குரல், கீழே புள்ளி இருந்தால் கீழ்க் குரல், கமா போட்டிருந்தால் இன்னும் ஒரு எண்ணிக்கை நீட்ட வேண்டும். இதெல்லாம் அத்தைக்கு வாயால் சொல்லத் தெரியும். டீச்சர் முதலில் ஒரு வரியை ஆர்மோனியத்தில் வாசிப்பார். பிறகு, "இப்ப நீ பார்த்துப் பாடு" என்பார். அத்தை பக்கத்தில் விரல் வைத்து ஒரு பிசிறு இல்லாமல் பாடுவார். டீச்சர் முகம் மலரும்.

மூன்றாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். பாதிப் பாடத்தில் தெருவில் யாரோ, "தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினார்கள். திண்டுக்கல்லில் அந்தச் சத்தம் கேட்டால் கல்யாணத்தில் தாலி கட்டுகிறவன்கூட எழுந்து ஓடுவான். டீச்சர் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு, "அடுத்த பக்கத்தைப் பாடிப் பழகும்மா, வாரேன்" என்று ஓடினார்.

அத்தை பாடவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுவர்க்கோழி மாதிரி ஏதோ முனகினார், நிறுத்தினார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். ஒரு பக்கத்தைத் திருப்பும்போது வியர்வையில் இரண்டு தாள் சேர்ந்து திரும்பியது. அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

டீச்சர் குடம் குடமாகப் பிடித்துவிட்டு ஈரக் கையோடு வந்து, விட்ட இடத்திலிருந்து நான்கு வரியை வாசித்தார். அத்தை உடனே பாடினார். பிரமாதமாகப் பாடினார். அவர் விரல் ஓடிக்கொண்டிருந்தது வேறு பக்கத்தில்.

"பாத்தியாடா, ஒங்க அத்தை எம்புட்டு வேகமாப் படிக்கிறா!" என்றார் டீச்சர் என்னிடம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டுவிட்டேன். "அத்தே, நீ பக்கத்தைப் பாக்கவே இல்லையே. டீச்சர் வாசிச்சதைக் கேட்டுத்தானே பாடுன?"

அத்தை முன்சீட்டில் இருந்தவர் காதில் விழுந்ததா என்று பார்த்தார். பிறகு என் காதுக்குள், "ஏலே அப்பு, யாருகிட்டயும் சொல்லிராத. நானும் படிக்கத்தான் பாக்குறேன். அந்த எழுத்தைப் பாத்தா எழுத்தாத்தான் தெரியுது, சத்தமா வரமாட்டேங்குது. எப்படியாவது வந்துரும். சொல்லாத என்ன?" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

"என் தலைமேல அடி."

அடித்தேன்.

இப்போது நினைத்தால், பாவம், அந்த நல்ல காதுதான் அவருக்கு வினை. ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்கிறவருக்குப் படிக்க அவசியமே வந்ததில்லை. டீச்சரும் நல்ல மனசோடு முதலில் வாசித்துக் காட்டிக் காட்டியே கெடுத்தார். எங்கள் அம்மாவோ குரல் உடைந்துவிடக் கூடாது என்று மிளகும் கற்கண்டும் இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு வலிக்காத இடத்தில் மருந்து போட்டார்கள். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

சத்தியத்தை நான் பத்து நாள் காப்பாற்றினேன். பிறகு கேசட் விஷயம் வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. என்னிடம் ஒரே ஒரு கேசட். அதில் நானே கிரிக்கெட் வர்ணனை பேசி வைத்திருந்தேன். தகர டப்பாவைத் தட்டிக் கூட்டத்தின் கைதட்டலும் நான்தான். எங்கள் தெரு அணி உலகக்கோப்பை ஜெயித்த கதை அது. ஒரு விடுமுறை முழுக்கப் பேசியது. அத்தை அவசரத்துக்கு அதன்மேல், தான் பரீட்சைக்குப் பாடிப் பழகிய வர்ணத்தைப் பதிவு செய்துவிட்டார். போட்டுப் பார்த்தால் கடைசி ஓவர் தொடங்குகிற இடத்தில் அத்தை, "ஆ..." என்று ஆரம்பிக்கிறார்.

அழுதேன். அத்தை, "போடா மருமகனே, பெரிய வர்ணனை! வேற கேசட்டுல பேசிக்க" என்று சிரித்தார். அவர் பயத்தில் இருந்தார், எரிச்சலில் இருந்தார் என்பது இன்று புரிகிறது. அன்று சிரித்தது மட்டும்தான் தெரிந்தது.

நேரே அப்பாவிடம் போனேன். அவர் அட்டை குத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, அத்தைக்குப் படிக்கவே தெரியாது. நடிக்கிது."

சுத்தியல் நின்றது. "என்னடா சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தாள் சேர்ந்து திரும்பியதை, விரல் வேறு பக்கத்தில் ஓடியதை, பஸ்ஸில் பேசியதை. சொல்லச் சொல்ல நெஞ்சுக்குள் இனிப்பாக இருந்தது. பிள்ளைகளே, அதை மறைக்காமல் எழுதுகிறேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அப்பா என்னைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. "சரி. இதை வேற யாருகிட்டயும் சொல்லாத. நீ சொன்னேன்னு அவளுக்கும் தெரிய வேணாம்" என்றார். மறுபடி சுத்தியலை எடுத்தார்.

மறுநாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "அந்தப் பாட்டுப் புஸ்தகத்தைக் குடு தாயி, பாப்போம்."

அத்தை கொண்டுவந்து கொடுத்தார். அப்பா புரட்டினார். "இது நம்ம கட்டத் தாள் மாதிரில்ல இருக்கு! எட்டு எட்டாப் பிரிச்சிருக்கான். இந்தக் கமா என்ன?"

"அது நின்னு போறதுண்ணே."

"மேல புள்ளி?"

"மேல் சத்தம்."

அரைமணி நேரம்தான். பாத்ரூமில்கூட ஒரு பாட்டு வராத மனிதர், எந்தக் கட்டத்தில் என்ன எழுத்து, எங்கே நிற்கிறது, எங்கே ஏறுகிறது என்று முழுப் பக்கத்தையும் விரல் வைத்துச் சொன்னார். பிறகு கட்டத் தாள் ஒன்றை எடுத்து, தான் அன்று குத்திக்கொண்டிருந்த மாங்காய் பார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு வரிசையில் ஒரு புள்ளி இருந்தால் ச, இரண்டு இருந்தால் ரி, மூன்று இருந்தால் க. இப்படி மாங்காயின் ஒல்லியும் வயிறும் வளைவும் எண்ணிக்கையாகி, எண்ணிக்கை ஸ்வரமாகி, ஒரு வரிக்கு எட்டுக் கட்டமாக நான்கு வரி வந்தது. தாளின் அடிவரியில் தொடங்கி மேலே மேலே எழுதிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் கட்டத் தாளை எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், அப்படித்தான் படிப்பார்கள். துணி கீழிருந்துதானே வளர்கிறது. அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை.

"இதைப் பாடு பாப்போம்."

அத்தை தாளை வாங்கினார். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஒருக்கா பாடிக் காட்டுங்கண்ணே..."

"எனக்குப் பாடத் தெரிஞ்சா நான் ஏன் அட்டை குத்துறேன்?"

உலகத்தில் யாருமே அதுவரை பாடியிராத பாட்டு அது. கேட்டு ஒட்டிக்கொள்ள எங்கேயும் சத்தம் இல்லை. அத்தை தாளைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குப் படிக்கத் தெரியலண்ணே" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

"தெரியலேன்னா என்ன? இன்னைக்குத் தெரிஞ்சுக்க," என்றார் அப்பா. "தறி பாடுதா, கேக்குதா? அட்டையைப் படிக்கும், பூவைப் போடும். நீ தறிய விட மக்கா?"

அன்று மத்தியானம் கிணற்றடியில் அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவர் கைகளில் சாயத்தின் கார வாசனை. "அண்ணனே கண்டுபிடிச்சிருச்சுடா. நீ வாயைத் தொறக்கலேன்னு எனக்குத் தெரியும். என் தங்கம்" என்று உச்சியில் முத்தம் கொடுத்தார். நான் கட்டைபோல நின்றேன்.

அதன் பிறகு தினமும் காலையில் அப்பா ஒரு தாள் எழுதித் தருவார். கோபுர பார்டர் ஒழுங்காகப் படி ஏறி இறங்கும், அது சுலபம். நெளி பார்டர் ஆளைக் குழப்பும். மல்லிமொட்டு திடீரென்று மேலே தாவி உட்காரும். இனிமை என்ற பேச்சே கிடையாது. அம்மா ஒரு பழைய அட்டையை வைத்து மற்ற வரிகளை மறைத்துப் பிடிக்க, அப்பா சுத்தியலால் எட்டு எண்ணிக்கை தட்ட, அத்தை ஒவ்வொரு கட்டமாகத் தடுமாறி ஏறுவார். நான் தாளைத் தூக்கிக்கொண்டு ஓட ரெடியாக நிற்பேன். இரண்டாம் முறை பாடினால் காதில் ஒட்டிவிடும் என்று ஒருமுறை பாடியதும் தாளைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை.

எதிர்வீட்டுச் சாயக்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "என்ன மச்சான், தங்கச்சிக்குப் பல்வலியா?" என்று கேட்டார்.

"மாங்காய் பார்டர் மாப்ளே. நாளைக்கு ருத்ராட்சம், வந்து கேளு."

"ஆத்தி! சேலைன்னா கண்ணை மூடிக்கலாம். இதுக்குக் காதுல பஞ்சுல்ல வைக்கணும்!"

அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் நிறுத்தவில்லை. இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் தாளை வாங்கியவர் வாயைத் திறக்காமல் கண்ணை மட்டும் ஓட்டினார். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். "அண்ணே, பாத்தா உள்ள கேக்குதுண்ணே!"

அப்பாவுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அத்தை டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டீச்சர் ஆர்மோனியத்தை மூடினார். "தப்பு என் மேலதாம்மா. நான் வாசிச்சே காட்டியிருக்கக் கூடாது" என்றார். அத்தை கொண்டுபோன தாள் ஒன்றை வாங்கிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "ராகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆனா பார்த்துப் படிக்க இதைவிடக் கஷ்டமா நானே எழுத மாட்டேன். இதையே பழகு." அத்தை அன்று எடுத்துப்போனது ஒற்றை வரித் தாள். நான்கு வரித் தாளைக் கொண்டுபோயிருந்தால் டீச்சர் ஒன்றைக் கவனித்திருப்பார். விதி அப்படி.

பரீட்சைக்கு அப்பா, அத்தை, நான் மூவரும் மதுரைக்குப் போனோம். காலேஜ் வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பெண்கள், கூடவே அப்பாமார். அறைக் கதவு மூடியிருந்தாலும் ஜன்னல் திறந்திருந்தது; உள்ளே பாடுவது தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு பெண்ணும் தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடி முடித்ததும், கொடுத்த பக்கத்தைப் படித்துப் பாடினாள். எல்லோருக்கும் ஒரே பக்கம். அதுவும் பாட்டுக் கற்கிறவர்கள் ஆரம்பத்திலேயே கற்கிற ஒரு கீதமாம். சாகித்யம் என்கிற பாட்டு வரிகள், தலைப்பு எதுவும் இல்லாமல் ஸ்வரத்தை மட்டும் கையால் கட்டம் போட்டு எழுதியிருந்தார்களாம். ஆறேழு பேர் பாடியதற்குள் எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. அத்தை தூரத்து மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும், அது ஏமாற்று வேலையாகிவிடும் என்று அவராகவே தள்ளிப் போய்விட்டார்.

அத்தையின் முறை வந்தது. தெரிந்த பாட்டை உருகிப் பாடினார். தாளம் போட்டார். பிறகு அமைதி. தாளைக் கொடுத்திருப்பார்கள்.

அவர் தொடங்கியதும் நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். மற்ற பெண்கள் எதில் முடித்தார்களோ அதில் அத்தை ஆரம்பித்தார். கடைசி வரி. அப்புறம் அதற்கு மேல் வரி. அப்புறம் அதற்கும் மேல். ஒரு ஸ்வரம் பிசகவில்லை, ஒரு எண்ணிக்கை தவறவில்லை. ஆனால் வீட்டைக் கூரையிலிருந்து கட்டுகிற மாதிரி தலைகீழாக.

"அப்பா, அத்தை மாத்திப் பாடுது," என்றேன்.

அப்பாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சுவரில் சாய்ந்தார். "அடியிலேர்ந்து படிக்கிறா," என்றார்.

உள்ளே ஓர் ஆண் குரல் சிரித்தது. ஒரு பெண் குரல் கேட்டது: "ஏம்மா, கடைசி வரியிலிருந்து ஏன் ஆரம்பிச்ச?"

"கீழ இருந்துதான மேடம் ஏறணும்?"

"யார் சொன்னா?"

"எங்க அண்ணன் அப்படித்தான் எழுதிக் குடுக்கும். அட்டை குத்துற தாளுல. நெசவு கீழ இருந்துதான மேடம் ஏறும்..." குரல் தேய்ந்து நின்றது. தான் செய்தது அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்கும்.

"சரி. இப்ப மேலேயிருந்து பாடு."

அத்தை பாடினார். முதல் வரி பாதி போயிருக்கும், சட்டென்று நிறுத்திவிட்டார்.

"என்னம்மா?"

"மேடம், இது எனக்குத் தெரிஞ்ச பாட்டு. எங்க டீச்சர் சொல்லிக்குடுத்திருக்காங்க. இப்பப் பாடுறது படிச்சு வரல, ஞாபகத்துல இருந்து வருது. வேற ஏதாச்சும் குடுங்க."

கேள்வி கேட்ட அந்த அம்மா, கூட இருந்தவர்களிடம் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. "காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் இதைச் சரியாத்தான் பாடினாங்க. யாரு படிச்சா, யாரு ஞாபகத்துல பாடினான்னு நமக்குத் தெரியாது. இந்தப் பொண்ணு படிச்சிருக்கு. தெரிஞ்ச பாட்டைத் தெரியாமலே படிச்சிருக்கு."

"அதுக்காக? வரிசைகூடத் தெரியலையே," என்றது ஆண் குரல்.

அதற்கு அந்த அம்மா என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. பியூன் வந்து ஜன்னலைச் சாத்திவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். "கெடுத்துட்டேன் தாயி," என்றார் அப்பா. "ஒரு வார்த்தை, மேலேர்ந்து எழுதணும்னு எனக்குத் தோணாமப் போச்சே. அஞ்சாங்கிளாஸ் புத்தி அம்புட்டுத்தான்." அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா படிச்சேன்லண்ணே?" என்றார். "படிச்ச," என்றார் அப்பா.

பதில் வரும்வரை வீட்டில் ஒருவரும் வத்தலக்குண்டு என்ற சொல்லை எடுக்கவில்லை. அத்தை முடிச்சுப் போட்டார், பாடவில்லை. அம்மா மிளகு இடிப்பதை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு கார்டு வந்தது. அப்பா அதை அத்தையிடம் நீட்டினார். அத்தை வாங்கவில்லை. "நீங்களே படிங்கண்ணே" என்றார். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா போட்ட சத்தத்தில் சாயக்காரர் வீட்டில் தட்டு விழுந்து உருண்டது. அப்பா அட்டை குத்தப் போய்விட்டார். அன்று குத்திய அட்டைகளில் மூன்று தப்பு. அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

அத்தை ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவருடைய முதல் கடிதம் வந்தது. எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு வரி. எனக்கு எழுதியிருந்ததை அம்மா சத்தமாகப் படித்தார்: "என் மருமகனுக்கு. நீ மட்டும் அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் வெக்கத்துலயே செத்திருப்பேன். உன்னை மாதிரி ஒரு ஆள் எனக்கு இருக்குன்னு நினைச்சுத்தான் இங்க தைரியமா இருக்கேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னதால்தான் அவருக்குச் சீட்டுக் கிடைத்தது என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், இன்றுவரைக்கும். கணக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் நான் சொன்னது அதற்காக இல்லையே.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் யாரிடமும் சொல்லாமல் தபாலாபீசுக்குப் போய் ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கினேன். அங்கே ஜன்னல் ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கிய பேனாவால் நின்றுகொண்டே எழுதினேன். "அத்தைக்கு. அப்பாவிடம் சொன்னது நான்தான். கேசட்டை அழித்ததற்காகச் சொன்னேன். உன் நல்லதுக்குச் சொல்லவில்லை." அவ்வளவுதான் எழுத வந்தது. அத்தை கடிதத்தில் இருந்த ஹாஸ்டல் முகவரியை எழுதினேன்; அனுப்புகிறவர் முகவரி எழுதும் இடத்தை வெறுமையாக விட்டேன். முகவரி இல்லாவிட்டால் பதில் வராது என்று அப்போது நம்பினேன். பதில் வரவும் இல்லை; அது போய்ச் சேர்ந்ததா என்று பாட்டியும் இன்றுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினேன். பசை கசந்தது. வெளியே வந்து எம்பித் தபால் பெட்டியின் வாய்க்குள் திணித்து, விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன். இரும்பு வெயிலில் சுட்டது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கையை உள்ளே விட்டு, விரல் எட்டுகிற தூரத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.